மூன்றாவது கோடு

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். கூட்டிச் சொன்னது எதுவும் கிடையாது. குறைத்துச் சொன்னது கொஞ்சம் உண்டு, அதுவும் நம்ப மாட்டார்களே என்ற பயத்தில்தான். பொய் என்று யாராவது நிரூபித்தால், சொன்ன நாக்கைக் கழற்றி அவர்கள் கையிலேயே கொடுத்துவிடலாம். ஸ்பானரை மட்டும் அவர்கள் கொண்டுவர வேண்டும்.

மீட்டர்காரர் என்று ஒருவர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு ஏதோ உண்டு. யாராவது கேட்டால் அவரே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார். முள் ஆடுகிற சாமான் எதுவானாலும் பழுது பார்க்க அவரிடம்தான் வரும். எடை மெஷின், காற்றழுத்த மீட்டர், கொதிகலன் மீட்டர். எல்லாவற்றையும்விட அவர் கை ராசி பழைய காலத்து இன்ஜின் சோதிக்கும் மெஷினில்தான் என்று பேர்.

அது எப்படி இருக்கும் என்று சொல்லிவிட வேண்டும். பீரோ உயரத்துக்கு ஓர் இரும்புப் பெட்டி, கீழே சக்கரம். நெற்றியில் வட்டமாக ஒரு கண்ணாடித் திரை. அதற்குக் கீழே வரிசையாக முள் டயல்கள். விலாவிலிருந்து வயர்கள் தொங்கும். வயர்களைக் காரின் இன்ஜினில் மாட்டி இன்ஜினை ஓடவிட்டால், ஒவ்வொரு சிலிண்டரிலும் தீப்பொறி எப்படி விழுகிறது என்பது திரையில் பச்சைக் கோடாக எழுந்து நிற்கும். நாலு சிலிண்டர் என்றால் நாலு கோடு. நாலும் ஒரே உயரம் என்றால் இன்ஜினுக்குச் சுகம். ஒன்று குட்டை என்றால் அந்தப் பொறி எங்கேயோ ஒழுகுகிறது. ஒன்று நெட்டை என்றால் பொறி இடைவெளியைத் தாண்ட முடியாமல் திணறுகிறது. இவ்வளவு புரிந்தால் கதையில் பாதி முடிந்தது. மீதிப் பாதி தூக்கம்.

மீட்டர்காரருக்கு அலுப்பு. நமக்கெல்லாம் வருகிற மாதிரி சாயங்காலம் வந்து காலையில் போகிற அலுப்பு இல்லை, நிரந்தரமாகக் குடியேறிய அலுப்பு. சட்டை போடும்போது ஒரு கையை நுழைத்துவிட்டு, அடுத்த கைக்கு முன்னால் கொஞ்சம் உட்கார்ந்துகொள்வார். அவர் விட்ட கொட்டாவியை எதிர்வீட்டுக்காரர் வாங்கி, தபால்காரரிடம் கொடுத்து, தபால்காரர் அதைத் தெருத்தெருவாக விநியோகித்து, மறுநாள் அது பின்பக்கத் தெரு வழியாக இவரிடமே திரும்பி வந்தது. தன்னுடையதுதான் என்று பார்த்ததுமே அடையாளம் கண்டுகொண்டார்.

அலுப்புக்குக் காரணம் தூக்கமின்மை. பொம்மையைப் படுக்க வைத்தால் கண் மூடும், இவரைப் படுக்க வைத்தால் கண் திறக்கும். கட்டில், பாய், நாற்காலி எதிலும் வராத தூக்கம் ஒரே ஓர் இடத்தில் வந்தது. வாசலில் மரத்தடியில் நிற்கும் அவருடைய பழைய காரின் பின்சீட்டில், கண்ணாடிகளை இறக்கிவிட்டு, இன்ஜினை ஓடவிட்டுப் படுத்தால் போதும். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் போய்ப் படுப்பார். வண்டி உடம்பைப் பிடித்து உலுக்கும். உலுக்க உலுக்க அவர் பாறாங்கல் மாதிரி அடியில் போய்விடுவார். பெட்ரோல் தீர்ந்து இன்ஜின் நின்றால் பதறி எழுவார். ஒருநாளில் அவர் தூங்கும் தூக்கம் அவ்வளவுதான்.

அந்த வண்டியில் குறையே கிடையாது என்பது அவர் கட்சி. "என் காது சொல்லுது. சுத்தமான இன்ஜின்," என்பார்.

அவர் மனைவி டெய்லர். முன்னறையில் ஜன்னலோரம் தையல் மெஷின், அதற்கு நேர் எதிரே மரத்தடியில் கார். கார் ஓடினால் ஜன்னல் ஆடும், ஜன்னல் ஆடினால் மேஜை ஆடும், மேஜை ஆடினால் ஊசி தடுமாறும். மத்தியானத்தில் தைத்த துணியெல்லாம் நாலு தையலுக்கு ஒருமுறை நெளிந்துகொண்டு போகும். பார்த்தவர்கள் புது மோஸ்தர் என்று நினைத்து, "எனக்கும் அந்த மத்தியானத் தையல் போட்டுக் கொடுங்க," என்று தேடி வர ஆரம்பித்தார்கள். அதில் அந்த அம்மாவுக்கு வருமானம் உண்டு, மானம்தான் போயிற்று.

"ஏங்க, அந்த வண்டிக்கு என்னவோ ஆயிருக்கு."

"வண்டிக்கு ஒண்ணும் ஆகல. சத்தத்தைக் கேளு."

"கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். ஒண்ணு, ரெண்டு, காணோம், நாலு. அந்த மூணாவது எங்க போச்சு?"

"மிதிச்சு மிதிச்சு உன் காலுக்கு எதையாவது எண்ணிக்கிட்டே இருக்கணும்."

"என் காலாவது எண்ணுது. உங்க காது எண்ணுறத விட்டு எத்தனை வருஷம் ஆச்சோ."

காதைச் சொன்னால் அவருக்குத் தாங்காது. எழுந்து சண்டைக்குப் போக வேண்டும் என்று தோன்றும். எழுவதற்குள் சோர்ந்து போய், "சரி விடு," என்று சொல்லிவிடுவார்.

இந்த நிலவரத்தில்தான் மனைவியின் தம்பி ஒருநாள் காலையில் லோடு வண்டியில் வந்து இறங்கினான். கார் பட்டறை வைத்திருப்பவன். பின்னால் தார்ப்பாய் போர்த்தி ஆள் உயரத்துக்கு ஏதோ நின்றது.

"அத்தான், நோயாளியைக் கொண்டாந்திருக்கேன். மூச்சு இருக்கான்னு பாருங்க."

தார்ப்பாயை விலக்கினால் இன்ஜின் சோதிக்கும் மெஷின். மூடிப்போன ஒரு பட்டறையில் துருவோடு துருவாக நின்றதைக் கேட்டு வாங்கி வந்திருக்கிறான்.

"உனக்கு எதுக்கு மாப்ளே இது? கைக்கு அடக்கமா இப்பத்தான் என்னென்னவோ வந்திருக்கே."

"வந்திருக்கு அத்தான். அதைப் பழைய வண்டியில எங்க சொருகுறது? சொருக ஓட்டையே இல்ல. என் பட்டறைக்கு வர்றதெல்லாம் என் வயசு வண்டி. இதை எழுப்பிக் குடுத்தீங்கன்னா நான் இருட்டுல தடவாம வேலை பாப்பேன்."

மீட்டர்காரர் மெஷினைப் பார்த்தார். மெஷின் அவரைப் பார்த்தது. இரண்டு பேருக்கும் அலுப்பாக இருந்தது.

அதற்குள் அந்த அம்மா வாயில் குண்டூசியோடு வாசலுக்கு வந்துவிட்டாள். குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து முந்தானையில் குத்திவிட்டுச் சொன்னாள்: "தம்பி, நீ சாட்சி. இந்த மெஷின் ரெடியானதும் முதல்ல நம்ம வண்டியில மாட்டணும். வண்டி சுகம்னு காட்டுச்சுன்னா, சாகுற வரைக்கும் அந்த வண்டியப் பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டேன். எங்க கூப்பிட்டாலும் அதுல ஏறி உக்காந்து வரேன். கோளாறுன்னு காட்டுச்சுன்னா, வித்துடணும். மனுஷங்க மாதிரி வீட்டுக்குள்ள படுக்கணும். என்ன சொல்றீங்க?"

"சரி," என்றார் மீட்டர்காரர். சொன்ன பிறகுதான் பந்தயமாக வைத்தது காரை இல்லை, தூக்கத்தை என்று புரிந்தது. திருப்பி வாங்கலாம் என்று பார்த்தால் மச்சினன் சாட்சியாகத் தலையாட்டி முடித்திருந்தான்.

வேலை ஆரம்பமானது. மெஷினின் பின்கதவைத் திறந்தால் உள்ளே எலிக்கூடு. மெஷினோடு வந்த வயரிங் படத்தைக் கடித்துத்தான் கட்டியிருந்தது. தலைமுறை தலைமுறையாக அந்தப் படத்தின் மேலேயே பிறந்து வளர்ந்த எலிகள். அவற்றுக்கு அந்த சர்க்யூட் இவரைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். ஒன்றிடம் கேட்கலாம் என்றால் எல்லாம் காலி செய்துகொண்டு போய்விட்டிருந்தன.

கரண்ட் வயரின் ரப்பர் தொட்டதும் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. மாற்றினார். பல வருஷம் படுத்துக் கிடந்த மெஷினை நேராக பிளக்கில் செருகினால், புகையோடு எழுந்து புகையோடு போய்விடும். ஆகவே நடுவில் ஒரு குண்டு பல்பைத் தொடராக மாட்டி அதன் வழியாகக் கரண்டை விட்டார். பல்பு மங்கலாக எரிந்தால் நல்லது. பளிச்சென்று எரிந்தால் உள்ளே எங்கேயோ ஷார்ட். பளிச்சென்று எரிந்தது. மெழுகு பூசிய பழைய கண்டன்சர்கள் உள்ளுக்குள்ளேயே ஒழுகி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. ஒவ்வொன்றாக வெட்டியெடுத்துப் புதிது வைத்தார். ஒவ்வொன்றுக்கும் பிறகு பல்பு கொஞ்சம் மங்கிற்று, அவரும் கொஞ்சம் மங்கினார்.

பழைய ரேடியோவில் இருப்பது மாதிரியான கண்ணாடி வால்வுகளைப் பென்சில் முனையால் தட்டி, எது கண் சிமிட்டுகிறது என்று பார்த்து மாற்றினார். திரைக்குப் பின்னாலிருக்கும் பிக்சர் டியூபில் மெஷினை அணைத்த பிறகும் கரண்ட் தங்கியிருக்கும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் கை வைத்தார், அசதி. அது அடித்த அடியில் சுவரோரம் போய் உட்கார்ந்தார். எப்போதோ நின்றுபோன அவருடைய கைக்கடிகாரம் அந்த நிமிஷத்திலிருந்து ஓடத் தொடங்கி, இன்றுவரை சரியான நேரம் காட்டுகிறது. அவருக்கு மட்டும் அந்த ஷாக்கிலும் கண் முழுசாகத் திறக்கவில்லை.

ஒருநாள் மத்தியானம் திரையில் பச்சை ஒளி வந்தது. காரை மெஷினுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தி, வயர்களை மாட்டி, இன்ஜினை ஓடவிட்டார். நாலு கோடு எழுந்தது. ஒன்று சரி, இரண்டு சரி, நாலு சரி. மூன்றாவது, பள்ளிக்கூடப் போட்டோவில் முன்வரிசையில் நிற்கவேண்டிய பையன் பின்வரிசைக்குப் போய்விட்ட மாதிரி, பாதிதான் தெரிந்தது.

"மெஷின்ல இன்னும் கோளாறு இருக்கு," என்றார் மீட்டர்காரர்.

வேறு யாராவது என்றால் அடுத்த வீட்டுக் காரில் மாட்டிப் பார்த்திருப்பார்கள். அவருக்கு அந்த எண்ணம் வாசல் வரை வந்தது, உள்ளே வரத் தைரியமில்லாமல் திரும்பிப் போயிற்று. குறையில்லாத இன்ஜின் ஒன்று கையில் இருக்கும்போது இன்னொருவர் இன்ஜினை எதற்குக் கேட்க வேண்டும்? மெஷினை மறுபடி பிரித்தார். பொறி போடுகிற ஸ்பார்க் பிளக்கின் வயரைக் கவ்வுகிற கிளிப்பை மாற்றினார். மூன்றாவது குட்டை. வால்வுகளை இடம் மாற்றிப் போட்டார். குட்டை. டிரான்ஸ்பார்மரைக் கழற்றிப் புதிதாகச் சுற்றினார், சுற்றும்போதே அசதியில் கவனம் தப்பித் தன் சட்டைப் பொத்தானையும் சேர்த்துச் சுற்றிவிட்டார். அதைப் பிரித்து மறுபடி சுற்றினார். குட்டை.

"ரெடியா?" என்று ஜன்னலிலிருந்து தினமும் ஒரு குரல் வரும்.

"ஆயிடுச்சு. சின்ன வேலைதான் பாக்கி."

"என்ன வேலை?"

"ஒரு கோடு கொஞ்சம் வளரணும்."

அந்த மெஷினுக்குள் படிக்கட்டு சர்க்யூட் என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு சிலிண்டரின் கோட்டையும் ஒவ்வொரு படியாக நகர்த்தித் திரையில் அதனதன் இடத்தில் நிறுத்துவது அதன் வேலை. கடைசியில், இனிமேல் பிரிக்க எதுவும் மிச்சமில்லை என்றான ஒரு நாள், மூன்றாவது படியில் அரிசி மணி அளவுக்கு ஒரு ரெசிஸ்டரைச் சால்டர் வைத்து ஒட்டினார். மூன்றாவது கோடு மெல்ல எழுந்து மற்ற மூன்றோடும் தோளோடு தோள் நின்றது. அது ஏமாற்று என்று அவருக்குத் தோன்றவே இல்லை. தராசு ஒரு பக்கம் சாய்ந்தால் தட்டின் அடியில் ஈயம் ஒட்டுவதில்லையா, அந்த மாதிரி என்று நினைத்தார். நினைத்து முடிப்பதற்குள் தூங்கிவிட்டார், காரில்தான்.

சோதனைக்கு மச்சினன் வந்தான். மனைவி கழுத்தில் டேப்போடு வந்தாள். திரையில் நாலு கோடு நின்றது. அவள் டேப்பை எடுத்துக் கண்ணாடியின் மேல் வைத்து ஒவ்வொன்றாக அளந்தாள். மூன்றாவதை இரண்டு முறை அளந்தாள். டேப்பைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவள். அன்றிலிருந்து வண்டியைப் பற்றி மூச்சு விடவில்லை. கடைவீதிக்கு அதிலேயே ஏறி உட்கார்ந்து வந்தாள். பல் ஒன்றோடொன்று தந்தியடிக்கும். பேசினால் நாக்கு கடிபடும் என்று அவளும் பேசுவதில்லை, தூக்கக் கலக்கத்தில் அவரும் பேசுவதில்லை. ஆதர்ச தம்பதி என்று தெருவில் பேர் வந்தது.

மெஷின் பட்டறைக்குப் போயிற்று. சில நாள் கழித்து மச்சினன் போன் செய்தான்.

"அத்தான், ஒரு சந்தேகம். வர்ற வண்டிக்கெல்லாம் மூணாவது கோடு நெட்டையா நிக்குது."

"எல்லா வண்டிக்குமா?"

"ஒண்ணு விடாம."

பின்சீட்டில் படுத்திருந்த மீட்டர்காரர் கொஞ்சம் யோசித்தார், யோசனை பாதியில் நழுவிற்று. "அப்ப எல்லா வண்டியிலயும் கோளாறு இருக்குன்னு அர்த்தம் மாப்ளே. பெட்ரோல் ஏதாவது மாறியிருக்கும்."

"நானும் அதான் நினைச்சேன்," என்றான் மச்சினன். அவனுக்கு அத்தான் வேலையின்மேல் இருந்த நம்பிக்கை அவன் கண்ணின்மேல்கூடக் கிடையாது.

நெட்டைக் கோட்டைக் குட்டையாக்க வழி எளிது. அந்த பிளக்கின் நுனியை லேசாகத் தட்டி இடைவெளியைக் குறைக்க வேண்டும். அவன் வந்த வண்டிக்கெல்லாம் மூன்றாவது பிளக்கைக் கழற்றித் தட்டினான். நாலு கோடும் சமமாகும் வரை தட்டினான். தட்டி வாங்கிக்கொண்டு போன ஒவ்வொரு வண்டியும் ஒன்று, இரண்டு, காணோம், நாலு என்று உலுக்கிக்கொண்டே போயிற்று.

அதன் பிறகு அந்த ஊரில் நடந்தது பலருக்குத் தெரியாது, எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். வாடகைக் காரில் ஏறியவர்கள் தெரு திரும்புமுன் குறட்டை விட்டார்கள். ரயிலடிக்குப் போக வேண்டியவர்கள் ரயிலடியைச் சுற்றிவிட்டு வீட்டுக்கே வந்து இறங்கி, பயணம் சௌகரியமாக இருந்தது என்றார்கள். சிக்னலில் சிவப்பு விழுந்து கார்கள் வரிசையாக நின்றால், பச்சை விழும், யாரும் நகர மாட்டார்கள். மறுபடி சிவப்பு விழும், யாருக்கும் வருத்தமில்லை. நடுவில் நின்ற போலீஸ்காரர் கையை நீட்டியபடியே உறங்கினார், அந்தக் கையில் ஒரு காக்கா வந்து உட்கார்ந்து அதுவும் உறங்கிற்று. விவாகரத்து வழக்குக்காக ஒரே காரில் ஏறிய புருஷனும் பெண்டாட்டியும், கோர்ட்டைத் தாண்டி எவ்வளவோ தூரம் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கிப் போய், விழித்ததும் வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினார்கள். பட்டறைமேல் ஒரு புகாரும் வரவில்லை. புகார் கொடுக்க விழித்திருக்க வேண்டுமே.

நூல் வாங்கப் போன அந்த அம்மா, வழியில் தம்பியின் காரில் ஏறினாள். கால் தன்பாட்டுக்கு எண்ணியது. ஒன்று, இரண்டு, காணோம், நாலு.

"தம்பி, உன் வண்டி எப்பருந்து இப்படி?"

"எப்படிக்கா? இப்பத்தான் மெஷின்ல வெச்சுச் சரி பண்ணேன்."

திரும்பும்போது வேண்டுமென்றே ஒரு வாடகைக் காரில் ஏறினாள். காணோம். வழியில் இறங்கி இன்னொன்றில் ஏறினாள். அதிலும் காணோம். ஒவ்வொரு ஓட்டுநரையும் எழுப்பி, எங்கே சரிபார்த்தது என்று கேட்டாள். எல்லாரும் ஒரே பட்டறையைச் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்தபோது மீட்டர்காரர் காரிலிருந்து எழுந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார். அவள் நூல்கண்டுகளை மேஜையில் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"நான் வண்டியப் பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டேன்னு சொல்லியிருக்கேன். பேசல. மெஷினப் பத்திக் கேக்குறேன்."

"கேளு."

"அந்த மெஷின் சரியா இருக்குன்னு எதை வெச்சுப் பாத்தீங்க?"

"நம்ம வண்டிய வெச்சு."

"நம்ம வண்டி சரியா இருக்குன்னு எதை வெச்சுத் தெரிஞ்சது?"

"என் காதை வெச்சு."

"காது சரின்னு?"

மீட்டர்காரர் துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார்.

"தூக்கம் வருதே," என்றார்.

அவள் சிரிக்கவில்லை. "நான் துணியை வெட்டிட்டு, அந்தத் துணிய வெச்சு டேப்பைச் சரிபாத்தா, ஊர்ல யாருக்காவது சட்டை சேருமா? ஊர்ல இருக்குற அத்தனை வண்டியும் இப்ப நம்ம வண்டி மாதிரியே ஆடுது. ஏன் ஆடுதுன்னு உங்களுக்குத்தான் தெரியும்."

அவருக்குத் தெரிந்தது. அரிசி மணி அளவு ரெசிஸ்டர், மூன்றாவது படியில். அதைச் சொல்லாமல் விட்டால் கார் வாசலிலேயே நிற்கும், மத்தியானத் தூக்கம் நிற்காது. சொன்னால் இரண்டும் போகும். துண்டைக் கொடியில் போட்டார். அப்புறம் சால்டரிங் அயர்னை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு பட்டறைக்கு நடந்தார். காரில் போகவில்லை. போனால் வழியில் தூங்கிவிடுவோம் என்று பயம்.

மச்சினன் ஒரு பிளக்கைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"தட்டாதே மாப்ளே. வெச்சுடு."

மெஷினின் பின்கதவைத் திறந்து, முழங்கால் போட்டு உட்கார்ந்து, அந்த ரெசிஸ்டரை உருக்கி எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினார். விஷயத்தைச் சொன்னார். மச்சினன் ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"அப்ப ஊர்ல பாதி வண்டிய நானேவா கெடுத்தேன்?"

"பாதி இல்ல. நீ சோம்பேறி இல்லியே, எல்லாத்தையும் பாத்துட்ட."

"உங்கள எதிர்த்து ஒரு கேள்வி கேட்டிருக்கலாம் அத்தான்."

"கேட்ட. நான்தான் தூக்கத்துல பதில் சொன்னேன்."

இரண்டு பேரும் சேர்ந்து ஊரிலுள்ள வண்டிகளை ஒவ்வொன்றாக வரவழைத்து, தட்டிய பிளக்கையெல்லாம் பழையபடி விரித்தார்கள். குனிந்து குனிந்து இருவர் முதுகும் கொக்கி மாதிரி ஆயிற்று. நேராக நிற்க வேண்டியிருந்தால் ஒருவர் முதுகை ஒருவர் பிடித்து நிமிர்த்திவிட வேண்டும். ஊர் மெல்ல விழித்தது. விழித்ததும் முதல் காரியமாகச் சண்டை போட ஆரம்பித்தது. அந்த விவாகரத்து வழக்கும் மறுபடி உயிர் பெற்றது.

கடைசியாக மீட்டர்காரரின் கார். மெஷினில் மாட்டினார்கள். மூன்றாவது கோடு வெட்கமில்லாமல் பாதியில் நின்றது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால், வெள்ளைப் பீங்கானில் தலைமுடி மெல்லிசுக்கு ஒரு கீறல். பொறி அந்தக் கீறல் வழியாக ஒழுகி வெளியே போய்க்கொண்டிருந்திருக்கிறது. புது பிளக் போட்டதும் இன்ஜின் ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று கையை வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. அவ்வளவு அமைதி.

"நல்ல விலைக்குப் போகும் அத்தான்," என்றான் மச்சினன்.

"ம்," என்றார்.

வாங்க ஆள் பார்க்கிற வரைக்கும் கார் மரத்தடியில் நின்றது. ஒருநாள் மத்தியானம் பழக்கத்தில் பின்சீட்டில் போய்ப் படுத்து இன்ஜினை ஓடவிட்டார். அது பட்டுத்துணி மாதிரி ஓடிற்று. அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். பெட்ரோல் தீரும் வரை படுத்திருந்துவிட்டு எழுந்து வந்தார்.

அதற்குப் பிறகு தூக்கம் என்பது அறவே போயிற்று. தூங்காத மனுஷன் சும்மாவும் இருக்க மாட்டான். வீட்டில் இருந்ததையெல்லாம் பழுது பார்த்தார். கெடாததையும் பார்த்தார். குழாயைப் பிரித்தார், கதவுக் கீலைப் பிரித்தார், மனைவியின் தையல் மெஷினைப் பிரித்து மாட்டினார். தையல், நூல் பிடித்த மாதிரி நேராக விழுந்தது. மத்தியானத் தையல் கேட்டு வந்தவர்கள் முகம் சுளித்துத் திரும்பிப் போனார்கள். அந்த அம்மா சமைத்தால் அடுப்பைப் பற்றி, நடந்தால் நடையைப் பற்றி, தும்மினால் தும்மலின் அழுத்தத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்லிக்கொண்டே பின்னால் வந்தார். கண் மட்டும் எங்கேயோ இருந்தது. கண்ணுக்குக் கீழே இரண்டு பை தொங்கிற்று, அதில் சில்லறைச் சாமான் வைத்துக்கொள்ளலாம்.

ஒருநாள் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் குண்டூசி டப்பாவைத் திறந்து, ரவிக்கைத் துண்டில் சுற்றிய எதையோ எடுத்து அவர் முன்னால் வைத்தாள். பிரித்தால், கீறல் விழுந்த அந்தப் பழைய பிளக்.

"தம்பிகிட்ட கேட்டு வாங்கிட்டு வந்தேன். குப்பையில போட்டிருந்தான்."

"எதுக்கு?"

"மாட்டுங்க."

"வண்டிய விக்கணுமே. பந்தயம்."

"பந்தயம் வெச்சது நான். நான் தோத்துட்டேன்னு வெச்சுக்குங்க."

"நீதானே ஜெயிச்ச?"

"ஜெயிச்சு என்ன பண்ணச் சொல்றீங்க. வீட்டுல ஒரு நிமிஷம் கண்ண மூட முடியல." ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "அதுவுமில்லாம, வாயை மூடிக்கிட்டு அந்த வண்டியில வந்தேன் பாருங்க, அப்ப எனக்கும் நல்லாத்தான் தூக்கம் வந்துச்சு. சொன்னா வண்டியப் பத்திப் பேசின மாதிரி ஆயிடுமேன்னு சொல்லல."

மீட்டர்காரர் பிளக் ஸ்பானரை எடுத்துக்கொண்டு போனார். புது பிளக்கைக் கழற்றிப் பழையதைத் திருகி வயரை மாட்டினார். பின்கதவைத் திறந்து தலையணையைத் தட்டிப் போட்டார். அவள் முன்சீட்டில் ஏறி, செருப்பைக் கழற்றிவிட்டு, காலை மடக்கிக்கொண்டாள். இன்ஜின் உறுமியது. ஒன்று, இரண்டு, காணோம், நாலு.

"எண்ணாதே," என்றார் அவர் பின்னாலிருந்து.

"எண்ணல," என்றாள் அவள். அடுத்த எண்ணுக்குள் இரண்டு பேரும் தூங்கியிருந்தார்கள்.

நம்பாதவர்கள் நேரில் போய்ப் பார்க்கலாம். கார் இன்றைக்கும் அதே மரத்தடியில்தான் நிற்கிறது. வாங்கிய நாளிலிருந்து அது டீசல் வண்டி. டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் என்ற சாமானே கிடையாது.